பழைய கப்சாயை மறுபடி ரோட்டில் இறக்க: முதலில் தாள், பிறகு இரும்பு

அப்பா போய் எட்டு மாதம் கழித்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் சாத்தி வைத்திருந்த அவருடைய கப்சாயை, அதாவது சின்ன எஞ்சின் மோட்டார் சைக்கிளான ஹோண்டா இஎக்ஸ்5-ஐ வெளியே தள்ளினேன். இரண்டு டயரிலும் காற்று இல்லை. சீட்டுக்கு அடியில் எலி கூடு கட்டியிருந்தது. மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இப்படி ஒரு மோட்டார் கிடக்கும். தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன காலத்தில் வாங்கியது, பிள்ளைகள் கார் எடுத்ததும் ஓரங்கட்டியது.

எனக்கு வேலை மாறியிருந்தது, ஷிப்டுக்குப் போக ஒரு வண்டி வேண்டும். ஆர்வக்கோளாறில் நேரே போமன் (மெக்கானிக்) கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் 400 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் செலவழித்தேன். எஞ்சின் ஒரே உதையில் எடுத்தது. மறுநாள் ரோட் டெக்ஸ் (சாலை வரி) கட்டப் போனபோதுதான் விஷயமே புரிந்தது. இறந்தவர் பெயரில் இருக்கிற வண்டியை என் இஷ்டத்துக்கு எதுவும் செய்ய முடியாது. அடுத்த ஐந்து மாதம் மோட்டார் பளபளவென்று வாசலில் நின்றது, நான் பஸ்ஸில் போனேன்.

அந்த ஐந்து மாதத்தில் கற்றுக்கொண்டதை, நான் எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. உங்கள் மோட்டாரை யாரும் பரிசோதிக்க மாட்டார்கள்

சிங்கப்பூரில் வேலை செய்கிற மச்சான், "இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆயிடுச்சா?" என்று போனில் கேட்டார். அங்கே 3 வயதைத் தாண்டிய மோட்டாரை வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், தேறினால்தான் ரோட் டெக்ஸ். நம் நாட்டில் லோரிக்கும் பஸ்ஸுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை உண்டு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் மோட்டாருக்கு, அது எவ்வளவு பழசானாலும், வருஷப் பரிசோதனை கிடையாது. இன்சூரன்ஸ் எடுத்து ரோட் டெக்ஸ் கட்டினால் முடிந்தது.

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் பிரேக் தேய்ந்துவிட்டது, கோன் (ஹேண்டில் கழுத்து பேரிங்) ஆடுகிறது என்று சொல்லவும் ஆளில்லை. ராத்திரி ரோட் பிளாக்கில் டார்ச் அடித்துப் பார்க்கிற அதிகாரி சொல்வார். இல்லாவிட்டால் மழையில் உங்களுக்கு முன்னால் சட்டென்று நிற்கிற செம்பனைக் குலை லோரி சொல்லும். அதனால் ரோட் டெக்ஸ் முடிகிற மாதத்தை நீங்களே பரிசோதனை மாதமாக வைத்துக்கொள்ளுங்கள். எப்படி என்று 6-வது படியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் தாள் வேலை இருக்கிறது.

2. கிரானை எடுங்கள், யார் பெயர் என்று பாருங்கள்

கிரான்தான் வண்டியின் பிறப்புப் பத்திரம். பதிவெண், உடைமையாளர் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், எஞ்சின் எண், சேசிஸ் எண் எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் எங்கே தேடுவது என்று கேட்டால், பெரும்பாலும் சாமி படத்துக்குப் பின்னால் அல்லது பிஸ்கட் டின்னில். எங்கள் வீட்டில் டின்.

உங்கள் பெயரிலேயே இருந்தால் 3-வது படியை முடித்துவிட்டு 6-க்குத் தாவிவிடலாம். உயிரோடு இருக்கிற அண்ணன், சித்தப்பா பெயரில் இருந்தாலும் பெரிய தொல்லை இல்லை. இறந்தவர் பெயரில் இருந்தால் 5-வது படியை இரண்டு முறை படியுங்கள்.

வெளியாளிடம் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 300, 400 வெள்ளிக்கு நல்ல ஓட்டத்தில் இருக்கிற கப்சாய் கிடைக்கிறது என்றால் முதலில் கிரானைக் கேளுங்கள். "கிரான் இருக்கு, ஆனா ஓனரைக் கண்டுபிடிக்க முடியல" என்றால் வாங்காதீர்கள். அந்த ஓனருக்கும் உங்களுக்கும் நடுவில் நாலு கை மாறியிருக்கும், பெயர் மாற்ற அந்த ஓனர்தான் வந்தாக வேண்டும். கிரானே இல்லாமல் 'மோட்டோ கெபுன்' என்று விற்பார்கள், செம்பனைத் தோட்டத்துக்குள் உரம் ஏற்றவும் புல் ஏற்றவும் ஓட்டுகிற வண்டி. தோட்டத்து செம்மண் ரோட்டில் ஓட்டும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். பெரிய ரோட்டைக் குறுக்கே கடந்து எதிர்க்கடையில் ரொட்டி வாங்கப் போனாலும் அது பொதுச் சாலைதான். என் தம்பி அந்த இருநூறு மீட்டரில்தான் மாட்டினான். நான் ரிப்பேர் செய்து வைத்த வண்டிதான், ரோட் டெக்ஸும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. சம்மன் (அபராத நோட்டீஸ்) அவன் பெயரில் வந்தது, திட்டு எனக்கு விழுந்தது.

3. எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் துடைத்துப் படியுங்கள்

இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் எல்லாரும் விட்டுவிடுகிற படி இதுதான். பழைய கப்சாயில் எஞ்சின் மாற்றுவது நம் பக்கம் சர்வ சாதாரணம். ஒரு எஞ்சின் போனால் கடையில் கிடக்கும் வேறொரு எஞ்சினைத் தூக்கி வைத்துவிடுவார்கள். ஓடும், நல்லாவே ஓடும். கிரானில் இருக்கிற எண்ணும் இரும்பில் இருக்கிற எண்ணும் வேறாக இருப்பதுதான் பிரச்சனை. அந்த எஞ்சின் திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

எண் எங்கே பொறித்திருக்கிறது என்று தெரியாவிட்டால் போமனிடம் காட்டச் சொல்லுங்கள், அதற்கெல்லாம் யாரும் காசு கேட்க மாட்டார்கள். பழைய டூத் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு வெள்ளைத் தாள், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணின்மேல் இருபது வருஷ எண்ணெயும் மண்ணும் கட்டியாக இறுகியிருக்கும். நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்து லேசாகத் தீட்டுங்கள். சின்ன வயதில் ஐம்பது காசு நாணயத்தைத் தாளில் பதித்து விளையாடுவோமே, அதே வித்தைதான். எண் தாளில் எழுந்து வரும்.

நான் முதலில் வெறும் துணியால் துடைத்துப் பார்த்தேன். கிரானில் 8 என்று இருந்த இடத்தில் எஞ்சினில் 3 தெரிந்தது. அன்று ராத்திரி தூக்கம் போயிற்று. அப்பா எப்போது எஞ்சின் மாற்றினார், யாரிடம் வாங்கினார் என்று அம்மாவைப் போட்டுக் குடைந்தேன். காலையில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் 8-இன் இடது பக்கத்தை அடைத்திருந்த தார்த் துணுக்கு உதிர்ந்து விழுந்தது. அதனால் துடைக்காமல் பயப்படாதீர்கள்.

துடைத்த பிறகும் எண் ஒத்துப்போகவில்லை என்றால் இரும்புக்கு ஒரு காசும் செலவழிக்காதீர்கள். ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) போய்க் கேளுங்கள். எஞ்சின் மாற்றத்தைப் பதிவில் ஏற்ற வேண்டும், அதற்கு அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் வேண்டும். தாள் இல்லாத எஞ்சின் என்றால் அந்த வண்டியை மறந்துவிடுவது நல்லது.

4. உயிரோடு இருப்பவரிடமிருந்து பெயர் மாற்றம்

இது அரை நாள் வேலை. கவுண்டரில் செய்வதென்றால் விற்பவரும் வாங்குபவரும் ஐசியோடு ஜேபிஜேக்குப் போய்க் கட்டைவிரல் பதிக்க வேண்டும். கிரான் மூலப்பிரதி வேண்டும். வாங்குபவர் பெயரில் இன்சூரன்ஸ் முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும், இதை மறந்துவிட்டுப் போய் வரிசையில் நின்று திரும்பியவர்கள் ஏராளம். காருக்கு இருப்பது போல புஸ்பாகோம் (வண்டிப் பரிசோதனை நிறுவனம்) தாள் மோட்டார் பெயர் மாற்றத்துக்குத் தேவையில்லை. "புஸ்பாகோம் காசு" என்று புரோக்கர் யாராவது பில் போட்டால் எதற்கு என்று கேளுங்கள். கட்டணம் சில வெள்ளிதான்.

போவதற்கு முந்தின நாள் இருவர் பெயரிலும் கட்டாத சம்மன் இருக்கிறதா என்று பாருங்கள். போலீஸ் சம்மனை மைபாயார் பிடிஆர்எம் ஆப்பிலும், ஜேபிஜே சம்மனை மைஜேபிஜே ஆப்பிலும் பார்க்கலாம். கறுப்புப் பட்டியலில் பெயர் இருந்தால் கவுண்டரில் வேலை அப்படியே நின்றுவிடும். விற்பவருக்கு சம்மன் இருந்தால், "நீங்க கட்டிருங்க, விலையில கழிச்சுக்கலாம்" என்பார். கட்டின ரசீதைக் காட்டினால்தான் காசு என்று சொல்லிவிடுங்கள்.

யுடிசி (பல அரசு அலுவலகங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் மையம்) இருக்கிற ஊர் பக்கத்தில் இருந்தால் அங்கே உள்ள ஜேபிஜே கவுண்டரையும் பார்க்கலாம். எங்களுக்கு ஈப்போ அரை மணி நேர ஓட்டம்தான். திங்கட்கிழமை காலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

5. இறந்தவர் பெயரிலிருந்து மாற்றுவது

ஆயிரம் வெள்ளி பெறாத மோட்டார்தானே என்று நினைப்போம். சட்டத்துக்கு அது இறந்தவரின் சொத்து. சொத்தைப் பிரித்துக் கொடுக்க அதிகாரம் உள்ள ஓர் இடத்திலிருந்து தாள் வாங்கி வந்தால்தான் ஜேபிஜே பெயர் மாற்றும்.

எந்த இடத்துக்குப் போவது என்பது வேறு என்ன சொத்து இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வீடோ நிலமோ அவர் பெயரில் இருந்தால் நில அலுவலகத்தில் சிறு சொத்து மனு போட வேண்டும், மோட்டாரையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். சேர்க்க மறந்தால் பிறகு அதற்கு மட்டும் மறுபடி நடக்க வேண்டியிருக்கும். வீடு, நிலம் இல்லாமல் பேங்க் காசு, மோட்டார் போன்ற அசையும் சொத்து மட்டும் இருந்து, மொத்த மதிப்பு 600,000 வெள்ளிக்குள் இருந்தால் அரசாங்க அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவில் மனு செய்யலாம். உயில் இருந்தால் வக்கீலைப் பார்ப்பதுதான் சரி. எங்கள் அப்பாவுக்குத் தோட்டத்து வீடுதான், அது அவர் பெயரிலும் இல்லை. அதனால் நான் போனது அமானா ராயா வழி.

கொண்டுபோக வேண்டியவை இவை: இறப்புச் சான்றிதழ், உங்கள் ஐசி, இறந்தவரின் திருமணச் சான்றிதழ், வாரிசுகள் எல்லாருடைய ஐசி, பிறப்புச் சான்றிதழ், மோட்டார் கிரான், பேங்க் புத்தகம் இருந்தால் அது, ஈமச்சடங்குச் செலவு ரசீது. எல்லாவற்றிலும் மூலப்பிரதி ஒன்று, நகல் இரண்டு. நகல் எடுக்கிற கடை அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும், ஆனால் விலை கூட. ஊரிலேயே எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி, நான் தடுக்கி விழுந்த மூன்று இடங்கள்.

முதலாவது, பாட்டி. அம்மா, நான், தம்பி, தங்கை என்று நாலு பேரை வாரிசாக எழுதினேன். அப்பாவின் அம்மா இன்னும் இருக்கிறார், 91 வயது, தங்கை வீட்டில் வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முஸ்லிம் அல்லாதவர்கள் உயில் எழுதாமல் இறந்தால் 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டம் பொருந்தும். அதன்படி மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால் பங்கு. பெற்றோர் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. ஆக, அந்த மோட்டாரில் கால் பங்கு பாட்டியுடையது! பாட்டியின் சம்மதமும் வேண்டும் என்று திரும்ப வந்தேன். "என் பங்குக்கு எந்த சக்கரம்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைத்தார்.

இரண்டாவது, கல்யாணப் பதிவு. அம்மாவும் அப்பாவும் 1979-இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள், பதிவு கிடையாது. நம்மில் அந்தத் தலைமுறை பாதிப் பேர் அப்படித்தான். பயப்பட வேண்டாம். திருமணம், மணவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1-இல். அதற்கு முன்னால் சமய முறைப்படி, வழக்கப்படி நடந்த கல்யாணம் செல்லும். நடந்தது என்று காட்ட சத்தியப் பிரமாணக் கடிதம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் இருவர் பெயரும் இருப்பது நல்ல துணை. 1982 மார்ச்சுக்குப் பிறகு பதியாமல் வாழ்ந்தவர்கள் என்றால் விஷயம் வேறு, அங்கே வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, எழுத்து. அப்பா பெயர் அவர் ஐசியில் ஒரு மாதிரி, என் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி, தங்கையுடையதில் மூன்றாவது மாதிரி. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதினார், நாம் இன்றைக்கு அனுபவிக்கிறோம். மூன்றும் ஒரே ஆள்தான் என்று இன்னொரு சத்தியப் பிரமாணம். வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் எல்லாத் தாளையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஒரே பிரமாணத்தில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிடலாம். நான் இரண்டு முறை போய் இரண்டு முறை காசு கட்டினேன்.

தாள் கைக்கு வந்த பிறகு ஜேபிஜேயில் வேலை சுலபம். அந்தத் தாள், இறப்புச் சான்றிதழ், கிரான், ஐசி, உங்கள் பெயரில் இன்சூரன்ஸ், அவ்வளவுதான். மொத்தம் எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதில் இரண்டு மாதமாவது நானே விட்ட தாள்களால் போனது.

ஒரு பேச்சு உங்கள் காதில் விழும்: "ஏன் இவ்வளவு கஷ்டம், அப்பா பெயரிலேயே வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டிக்கிட்டு ஓட்டு, யாரு கேக்கப் போறா." உண்மைதான், விபத்து நடக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். நடந்த அன்று, பாலிசி எடுத்தவர் எங்கே என்ற கேள்வி வரும்.

6. இரும்பைப் பார்ப்பது: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை

தாள் கைக்கு வரும் தேதி தெரிந்த பிறகு இதை ஆரம்பியுங்கள். நான் முன்கூட்டியே போட்ட புது பேட்டரி ஐந்து மாதம் சும்மா நின்று செத்துப்போனது, மறுபடி வாங்கினேன்.

வண்டி பல மாதம் நின்றதென்றால் டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலைக் கொட்டிவிடுங்கள். காப்ரேட்டரைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் கிக்கரை உதைத்துக்கொண்டே இருந்தால் வலிக்கப்போவது கால்தான்.

பிறகு வண்டியை டபுள் ஸ்டாண்டில் போடுங்கள்.

பிரேக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். இஎக்ஸ்5 மாதிரி டிரம் பிரேக் வண்டியில் சக்கரத்தைக் கழற்றாமலே தேய்மானம் பார்க்க ஒரு வழி இருக்கிறது. டிரம் மூடியின் மேல், பிரேக் கை மாட்டியிருக்கும் இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், மூடியில் ஒரு கோடு இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடியுங்கள். அம்பு கோட்டுக்கு நேராக வந்துவிட்டால் பிரேக் ஷூ முடிந்தது. என்னுடையதில் பின்பக்கம் அம்பு கோட்டைத் தாண்டியே போயிருந்தது. அப்பா அதை வைத்துக்கொண்டுதான் எத்தனை மழையில் போனாரோ. நட்டை இறுக்கினால் பிரேக் மறுபடி பிடிக்கிற மாதிரி இருக்கும், அந்த சமாதானத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம்.

அடுத்து கோன் செட். யாரையாவது வண்டியின் பின்பக்கத்தை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்க வையுங்கள். முன்னால் உட்கார்ந்து, ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக், டக்' என்று கையில் தெரிந்தால் கோன் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள், நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவது போல நின்றால் கோன் குழி விழுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். செம்மண் ரோட்டில் ஓடிய வண்டிகளில் இது நிச்சயம் இருக்கும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் பேரிங். பின் சக்கரத்துக்கும் இதே.

டயரில் பூ இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் டிடபிள்யூஐ என்று சின்ன எழுத்து இருக்கும், அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும். பூ அந்த மேட்டளவுக்குத் தேய்ந்தால் டயர் முடிந்தது. நாலு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பூ நிறைய இருந்தும் பக்கவாட்டில் வெடித்திருந்தால் அது வெயிலில் காய்ந்த டயர், மாற்றுங்கள்.

விளக்கு விஷயத்தில் நம் நாட்டில் மோட்டாருக்குப் பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும், 1992 முதல் சட்டம். பிரேக் லைட்டைக் கை பிரேக் பிடித்தும் கால் பிரேக் மிதித்தும் தனித்தனியாகப் பாருங்கள், இரண்டுக்கும் தனி சுவிட்ச். பெரும்பாலும் ஒன்றுதான் வேலை செய்யும். நாலு சிக்னல், ஹோன், இரண்டு பக்கமும் கண்ணாடி.

செயின் நடுவில் விரலால் தூக்கினால் சுமார் 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள், ஓரிடத்தில் இறுக்கமும் ஓரிடத்தில் தொங்கலும் என்றால் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் செட்டாக மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புது செயினைத் தின்றுவிடும். எஞ்சின் ஆயில் இஎக்ஸ்5-க்கு மாற்றும்போது 0.7 லிட்டர் போதும். ஒரு லிட்டர் போத்தலை வாங்கிவிட்டோமே என்று முழுவதையும் ஊற்றாதீர்கள்.

எலி கடித்த வயரை டேப் சுற்றி ஒப்பேற்றலாம் என்று நினைத்தேன். போமன் அண்ணன் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வயரு இல்ல, சேமியா" என்றார்.

7. என் பில்

உங்கள் ஊரில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். டயரும் டியூபும் இரண்டு சக்கரத்துக்கும் 130 வெள்ளி, செயின் ஸ்ப்ராக்கெட் 65, கோன் செட் கூலியோடு 50, பேட்டரி 45, வயரிங் 40, இரண்டு பக்கமும் பிரேக் ஷூ 30, காப்ரேட்டர் கழுவ 25, ஆயில் 18, பிளக் 8. மொத்தம் 411 வெள்ளி, அப்புறம் இரண்டாவது பேட்டரி.

காசு பற்றாவிட்டால் பிரேக், டயர், கோன் இவற்றுக்கு முதலில் கொடுங்கள். சீட் உறை, ஸ்டிக்கர், பளபளக்கும் ரிம் எல்லாம் அடுத்த போனசுக்கு. மலிவு பிரேக் ஷூ கடையில் கிடைக்கும், ஐந்து வெள்ளி மிச்சம். அந்த ஐந்து வெள்ளியை மிச்சம் பிடிக்காதீர்கள்.

8. இன்சூரன்சும் இரண்டு வெள்ளி ரோட் டெக்ஸும்

தீபகற்பத்தில் 150 சிசி வரை உள்ள மோட்டாருக்கு ரோட் டெக்ஸ் வருஷத்துக்கு 2 வெள்ளி. ஆமாம், ரெண்டே வெள்ளி. அதைக் கட்டத்தான் ஐந்து மாதம் அலைந்தேன்.

செலவு இன்சூரன்ஸில்தான். பழைய வண்டிக்குப் பெரும்பாலும் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ்தான் கொடுப்பார்கள். பிரீமியத்தோடு சேவை வரியும் 10 வெள்ளி முத்திரை வரியும் சேரும். சொந்த விபத்துக் காப்பு, இழுவை வண்டி என்று கூடுதலாக ஒட்டிக்கொண்டு வரும், வேண்டுமா என்று கேட்காமலே சேர்ப்பவர்களும் உண்டு, பில்லை வரி வரியாகப் பாருங்கள். ஆனால் அந்தச் சொந்த விபத்துக் காப்பை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் நீங்கள் இடித்தவருக்குத்தான், உங்கள் கால் உடைந்தால் அதில் ஒன்றும் வராது. வேலைக்குப் போகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ நடந்தால் சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்பு) இருக்கிறது. 

கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் மோட்டாருக்கு முதல் வருஷம் 15, அடுத்து 20, பிறகு 25 விழுக்காடு கழிவு. அது ஆளுக்குச் சேர்ந்தது, அப்பாவுடையது உங்களுக்கு வராது.

ரோட் டெக்ஸை போஸ்ட் ஆபீஸிலோ ஜேபிஜேயிலோ ஆன்லைனிலோ கட்டலாம். வருஷக்கணக்கில் கட்டாமல் கிடந்த வண்டி என்றால் ஆன்லைனில் முட்டிக்கொண்டிருக்காமல் நேரே ஜேபிஜே கவுண்டரில் பதிவெண்ணைக் கொடுத்து, பதிவு எந்த நிலையில் இருக்கிறது, என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். இதையும் இரும்புக்குக் காசு போடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

2023 பிப்ரவரி 10 முதல் நம் தனியார் வண்டிகளுக்கு ரோட் டெக்ஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டியதில்லை, மைஜேபிஜேயில் காட்டினால் போதும். ஷிப்ட் முடிந்து வரும்போது போன் செத்துப்போகிற ஆளாக இருந்தால் ஒரு நகல் எடுத்து சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் வையுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 1,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

9. புஸ்பாகோம் போகச் சொன்னால்

எஞ்சின், நிறம் போன்ற மாற்றங்களைப் பதியப் போனால் சொல்வார்கள். ஆன்லைனில் நேரம் பதிவு செய்துகொண்டு போங்கள். எஞ்சின், சேசிஸ் எண்ணை முந்தின நாளே துடைத்து வையுங்கள். மாற்றுப் புகைக்குழாய், குட்டியாக எழுதிய நம்பர் பிளேட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரிஜினலைப் போட்டுக்கொண்டு போங்கள். அங்கே போய் "இது வாங்கும்போதே இருந்துச்சு" என்று சொல்வதில் பயனில்லை.

10. எல்லாம் முடிந்த பிறகு

ஐசி, லைசன்ஸ், சிரிம் (தர நிர்ணய) முத்திரை உள்ள ஹெல்மெட். என்னை முதல் மாதமே ரோட் பிளாக்கில் நிறுத்தினார்கள். அதிகாரி போனைப் பார்த்தார், பிளேட்டைப் பார்த்தார், பிரேக் பிடித்துக் காட்டச் சொன்னார், கால் பிரேக்கையும் மிதிக்கச் சொன்னார். இரண்டு தடவையும் பின்னால் சிவப்பு எரிந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மாற்றிய தேதியை எங்காவது எழுதி வையுங்கள்: ஆயில், ஷூ, டயர், கோன். நோட்டுப் புத்தகம் வேண்டாம், தொலையும். பேட்டரி மூடியைக் கழற்றினால் அதன் உள்பக்கம் நல்ல இடம். நான் கழற்றியபோது அங்கே ஏற்கெனவே தேதிகள் இருந்தன, அப்பா ஆணியால் கீறியவை, ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் 'ஆ' என்று ஒரு எழுத்து, ஆயிலுக்கு. நான் அதற்குக் கீழே மார்க்கரில் எழுத ஆரம்பித்தேன். பெட்ரோல் பட்டு இரண்டு மாதத்தில் அழிந்துவிட்டது. நீங்களும் ஆணியால் கீறிவிடுங்கள்.